அயித்தானின் ஒற்றைமுனை ஆர்ம்

அந்த ஆர்மை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மனிதர்கள்மீது வருகிற கோபம் என்னிடம் ஒரு வாரத்துக்குமேல் நிற்காது. வாய்ச்சண்டை போட்டவனோடு அடுத்த செவ்வாய்க்கிழமையே டீ குடித்துக்கொண்டிருப்பேன். ஒரு சாண் நீள அலுமினியக் குழாயின்மேல் வந்த கோபம் மட்டும் இத்தனை வருடமாகியும் ஆறவில்லை. அதனால் போனது எங்கள் அப்பச்சியின் குரல். உலகத்தில் ஒரே ஒரு தட்டில்தான் அந்தக் குரல் இருந்தது.

ஆர்ம் என்றால் வேறொன்றுமில்லை. ரெக்கார்டு பிளேயரில், சுற்றுகிற தட்டுக்குமேல் ஊசியைத் தாங்கிக்கொண்டு நீண்டிருக்குமே, அதுதான்.

அப்பச்சி, அதாவது என் அப்பா, பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அங்கே ஒரு ரேடியோக் கடையில், பேசுவதை அப்படியே தட்டில் வெட்டிக் கொடுக்கிற மெஷின் வந்ததாம். கடிதத்துக்குப் பதிலாக அதில் மூன்று நிமிடம் பேசி, தட்டைத் தகர டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அடுத்த முறை வரவேண்டியவர் வரவில்லை. காய்ச்சலில் அங்கேயே போய்விட்டார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

பெரியவர்கள் இருக்கிற வீட்டில் புருஷன் பெண்டாட்டியோடு நேராகப் பேசுகிற வழக்கம் அன்று கிடையாது. தட்டிலும் அப்படித்தான். பெரியவர்களின் உடம்பை விசாரித்தார். அக்காவைப் படிக்கச் சொன்னார். எனக்குப் பேனா வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டு இரண்டாங்கட்டில் ஓடு மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். எல்லாம் முடிந்து தட்டில் கொஞ்சம் இடம் மீந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருக்கவள வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்றார். என் ஆத்தாவுக்கு வந்தது அந்த ஒரு வரிதான். அதைக் கேட்டபோது ஆத்தா உண்மையிலேயே கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பள்ளத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு கிராமபோனில், இரும்பு ஊசியில், அந்தத் தட்டை ஏழெட்டுத் தடவை போட்டிருப்போம். கடையில் விற்கிற கெட்டித் தட்டில்லை அது. மேலே பூசிய மெழுகு மாதிரியான கறுப்பில் வெட்டியது. போடப் போட இரைச்சல் கூடி, குரல் அதற்குள் அமுங்கிக்கொண்டே போனது. பிறகு நான் சவுண்ட் சர்வீஸ் தொழிலுக்கு வந்து, ஊசி என்ன செய்யும் என்று தெரிந்துகொண்ட அன்றைக்கே தட்டை எடுத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். ஆத்தா போடச் சொல்லிக் கேட்கமாட்டாள். எப்போதாவது டப்பாவை எடுத்துத் தூசி துடைப்பாள். துடைத்துக்கொண்டே என்னைப் பார்ப்பாள்.

"தேஞ்சு போகும் ஆத்தா" என்பேன். மறுபடி உள்ளே வைத்துவிடுவாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் என் கடை நன்றாக ஓடியது. கல்யாணம், அறுபதாங்கல்யாணம், கோயில் திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவேன். என் பிளேயர்களின் ஆர்ம் ஒவ்வொன்றும் உலக்கை. வண்டியில் ஏற்றி, மேடு பள்ளத்தில் குலுக்கி, பந்தலில் இறக்கி, ஆடுகிற மேசையில் வைத்து ஊசியைப் போட்டால் பாடும். பக்கத்தில் வேட்டுப் போட்டாலும் பாடும். சமையல்காரர் இடித்துக்கொண்டு போனாலும் பாடும். ரெக்கார்டு தேயுமா என்றால் தேயும்தான். அது வேறு ரெக்கார்டு வாங்கினால் தீருகிற கஷ்டம்.

என் அக்காளின் புருஷனுக்கு இதெல்லாம் காட்டுமிராண்டித்தனம். எங்கள் பக்கம் அக்காள் புருஷனை அயித்தான் என்போம். அவர் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். நல்ல மனுஷர். ஆனால் ஒரு விஷயத்தைப் புரியவைக்க ஆரம்பித்தால், புரிந்த பிறகும் விடமாட்டார். சிங்கப்பூரில் இருந்த சொந்தக்காரரைப் பிடித்து, சீமையில் செய்த ஆர்ம் ஒன்றை வரவழைத்துத் தன் பிளேயரில் மாட்டியிருந்தார். அதற்கு அவர் சொன்ன பெயர் யூனிபிவட். மற்ற ஆர்ம்களை இரண்டு பக்கமும் அச்சு வைத்துப் பிடித்திருக்கும். இதற்கு அப்படி எதுவும் கிடையாது. செங்குத்தாக ஒரே ஒரு முள். ஆர்மின் அடிவயிற்றில் ஒரு சின்னக் குழி. குழியை முள்ளின்மேல் வைத்தால் அந்த ஒற்றை முனையில் மொத்த ஆர்மும் நிற்கும். நிற்கும் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. தள்ளாடும்.

"பிடிச்சு வச்சாத்தான் மச்சான் உரசல். இதப் பாரு, ஒரே முனை. உரசுறதுக்கு எடமே இல்ல. ரெக்கார்டு எங்குட்டுக் கூப்புடுதோ அங்குட்டுப் போகும்."

"யாரு கூப்புட்டாலும் போயிருமோ?"

"ஒனக்கு எகத்தாளம். ஒன் ஆர்ம் அழுத்துறதுல கால்வாசிகூட இது அழுத்தாது, தெரியுமா?"

அது அழுத்தியதோ இல்லையோ, அந்த வீட்டையே அழுத்தி வைத்திருந்தது. பாட்டு ஓடும்போது யாரும் நடக்கக்கூடாது. தேக்குக் கதவைச் சாத்தினால் ஆர்ம் துள்ளும் என்பதால் கதவிடுக்கில் மடித்த சாக்கு. மின்விசிறிக் காற்றில் ஆர்ம் ஆடும் என்பதால் சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்திவிடுவார். நாங்கள் வேர்த்து வடிந்துகொண்டு சங்கீதம் கேட்க வேண்டும். அக்கா சொந்த வீட்டில் திருடி மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தாள். மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் அவள். அந்தக் குறையை ஆர்ம் தீர்த்து வைத்தது.

அதற்குத் தீனி வேறு. முள்ளைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. ஆட்டத்தை அடக்க அதில் பசை போன்ற ஒரு எண்ணெய் ஊற்ற வேண்டும். சிங்கப்பூர் புட்டி தீர்ந்ததும், அயித்தான் கணக்குப் போட்டுப் பார்த்து விளக்கெண்ணெய் ஊற்றினார். ஒரு வாரத்தில் அதில் ஒரு கொசுவும் தலையணைப் பஞ்சும் ஒட்டிக்கொண்டன. ஆர்ம் பாதித் தட்டில் நின்றுகொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியது. நான் சிரித்த சிரிப்பில் அயித்தான் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

"கைப்பிள்ளகூட ஒரு வயசுல நின்னுரும் அயித்தான். இது எப்ப நிக்கும்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாதஸ்வரத் தட்டு ஒன்றை அதில் போட்டுக் காட்டினார். என் கடையில் நானே நூறு கல்யாணத்துக்குப் போட்ட தட்டுத்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதில் வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதைக் கேட்டேன். ஒரு இடத்தில் தவில்காரர் மெதுவாக "ம்" என்கிறார். அத்தனை வருடம் என் உலக்கை அதன்மேல் நடந்து மறைத்திருக்கிறது. எழுந்து வாசல்பக்கம் போய் நின்றுகொண்டேன். எனக்கு அப்பச்சியின் தட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அயித்தானுக்கும் வந்திருக்க வேண்டும். பின்னாலேயே வந்தார்.

"ஒரே ஒரு தடவை போடுவோம் மச்சான். காலேஜ்ல டேப் ரெக்கார்டர் இருக்கு, கேட்டு வாங்கியாரேன். இந்த ஆர்ம்ல போட்டு டேப்புல எடுத்துட்டா, பெறகு ஆத்தா ஆயுசுக்கும் கேக்கலாம். தட்டத் தொடவே வேணாம்."

அவர் சொன்னதில் குற்றம் சொல்ல இடமில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய தட்டுக்கென்று அகல முனை ஊசி ஒன்றை எழுதி வரவழைத்தார். அது வந்து சேர ஐந்து மாதமாயிற்று. ஆத்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு தரம் போட்டா போதுமாப்பா? பெறகு தேயாதா?"

"தேயாது ஆத்தா. நெனச்சப்பெல்லாம் கேக்கலாம்."

"கடைசி வரைக்கும் வருமா?"

"வரும்."

நாள் பார்த்தது ஆத்தாதான். விஜயதசமி காலை. முதல் நாள் பூஜையில் கருவிகளை வைத்துவிட்டால் அன்று முழுவதும் தொடக்கூடாது. மறுநாள் காலையில் எடுத்து ஒரு தடவையாவது புழங்க வேண்டும். அன்றைக்குத் தொட்டது விளங்கும். இதற்குமேல் நல்ல நாள் எது?

பூஜையன்று என் கடையில் வழக்கம்போல எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினேன். ஆம்ப்ளிஃபயர், குழாய்கள், மைக், பேட்டரி என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்து, சந்தனத்தின் நடுவில் குங்குமம் வைத்தேன். பிளேயருக்கு வைக்கும்போது பெட்டியில் வைப்பதில்லை. ஆர்மின் தலையிலேயே கட்டைவிரலால் அப்புவேன். காளைக்கு நெற்றியில் வைக்கிற மாதிரி. என் உலக்கைகளுக்கு அது ஒரு பொருட்டேயில்லை. பொட்டோடு பாடும், காய்ந்து உதிர்ந்த பிறகும் பாடும். பள்ளத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கிய ஆத்தா, வருடா வருடம் செய்கிற மாதிரி கடை ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். குங்குமத் தட்டுப் பக்கம் வரமாட்டாள். அப்பச்சி போனதிலிருந்து அவள் குங்குமத்தைத் தொட்டதில்லை. தீபாராதனை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய் அங்கே தங்கிக்கொண்டாள்.

அக்கா வீட்டுப் பூஜையில் பிளேயரும் இருந்தது. அயித்தான் அதைப் பூஜைக்கு முதல் நாளே மட்டம் பார்த்து, எடை பார்த்து, சின்னக் கண்ணாடியை அடியில் வைத்து ஊசி நேராக நிற்கிறதா என்றும் பார்த்து வைத்திருந்தார். பொட்டு வைப்பதானால் பெட்டியின் மூலையில் வை, ஆர்மில் விரல் படக்கூடாது என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா மூலையில்தான் வைத்தாள். அவர் சொன்னபோது ஆத்தா இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் தட்டோடு போனேன். ஆத்தா குளித்து, வெள்ளைச் சேலையில், பிளேயருக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கதவுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டிய அளவுக்குப் பெரியவர்கள் யாரும் அந்த வீட்டில் இல்லை. அயித்தான் கற்பூரம் காட்டிவிட்டு, தட்டைச் சுற்றுமேடையில் வைத்து, ஆர்மின் எடை பார்க்கிற தகட்டையும் கண்ணாடியையும் டப்பாவிலிருந்து மறுபடி எடுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல நேரம் முடியக் கால் மணிதான் இருந்தது.

"இன்னமும் அளக்கப் போறீகளா? முந்தாநாள் அளந்தீக. அதுக்கு முன்னாடி அளந்தீக. ஒரு நாளைக்கு ஒருக்க அளக்கலன்னா நிக்காதுன்னா அத எதுக்கு வச்சிருக்கீக? ஆத்தா எம்புட்டு நேரம் உக்காந்திருக்கும்?"

அயித்தான் என்னைப் பார்த்தார், ஆத்தாவைப் பார்த்தார். தகட்டையும் கண்ணாடியையும் டப்பாவிலேயே போட்டுவிட்டார். அந்த ஆர்மை அவர் அளக்காமல் போட்டது அந்த ஒரு தடவைதான்.

டேப்பை ஓடவிட்டார். ஆர்மைத் தூக்கினார். அது ஒரு பக்கம் சாய்ந்து தள்ளாடியது. எப்போதும் தள்ளாடுகிற ஒன்று அன்று சற்று அதிகமாகச் சாய்வதை யார் கண்டுபிடிக்க முடியும்? என் உலக்கை அப்படிச் சாய்ந்திருந்தால் தெருவில் போகிறவன்கூட நின்று என்னவென்று கேட்டிருப்பான். இதுதான் அந்த ஆர்மின் குணம். கெட்டுப்போனாலும் நன்றாக இருக்கிற மாதிரியே இருக்கும்.

ஊசி இறங்கியது. இரைச்சல். பிறகு, இருபது வருடம் கழித்து, அப்பச்சி. அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு தெளிவு.

"எல்லாரும் சௌக்கியமா இருக்கீகளா? நான் இங்க..."

அதற்குமேல் வரவில்லை. கர்ரென்று ஒரு சத்தம். ஊசி, குரல் வெட்டியிருந்த கோடுகளைக் கிழித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து நடுவில் ஒட்டிய காகிதம்வரை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போனது. அயித்தான் கை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது. கடைசி வரி நடுவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன்மேலும் போய்விட்டது.

நான்தான் ஓடிப்போய் ஆர்மைத் தூக்கினேன். தூக்கும்போது அதன் தலையில், சுவர்ப்பக்கமாக இருந்த பக்கத்தில், ஈரம் பிசுபிசுத்தது. திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நல்ல கனமாக. அந்த வீட்டில் அன்று பொட்டில்லாத பொருளே இல்லை. அரிவாள்மனையில் பொட்டு, தையல் மெஷினில் பொட்டு, அயித்தானின் புத்தகத்தில் பொட்டு. எல்லாச் சந்தனத்தின் நடுவிலும் குங்குமம் இருந்தது. இதில் மட்டும் இல்லை.

யார் வைத்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கட்டைவிரலால் அதைத் துடைத்து வேட்டியில் தேய்த்துக்கொண்டேன். பிறகு கத்த ஆரம்பித்தேன். ஒண்ணுக்கும் ஆகாத ஆர்ம், தரித்திரம் பிடித்த ஆர்ம், நிற்கவே தெரியாததை நம்பித் தட்டைக் கொடுத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். பொய்க்கோபம் இல்லை. ஒரு பொட்டுச் சந்தனத்தைத் தாங்காதவனுக்கு எங்கள் ஊரில் என்ன வேலை?

அயித்தான் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆர்மை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கிறவர்.

"ஆமா மச்சான், ஆர்ம் சரியில்ல. எம் மேலதான் தப்பு" என்றார்.

ஆத்தா சுற்றிக்கொண்டிருந்த தட்டையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

தட்டைக் கடைக்கு எடுத்துப் போய் என் உலக்கையிலும் போட்டுப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் ஊசி அந்தக் கீறலில் விழுந்து காகிதத்துக்கு ஓடியது. டேப்பில் ஒன்றரை வரி இருந்தது, பின்னாலேயே அந்தச் சத்தமும். யாரும் அதைக் கேட்கவில்லை. அயித்தான் ஆர்மைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, சாதாரண ஆர்ம் ஒன்றை மாட்டினார். அக்கா சத்தமாக நடக்க ஆரம்பித்தாள். அந்தப் பொட்டைப் பற்றி நானும் அயித்தானும் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஆத்தா பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் பேச்சை எப்படியாவது அங்கே கொண்டுவந்து அந்த ஆர்மைத் திட்டுவேன். அவர் தலையாட்டுவார். ஏழு வருடம் இப்படி ஓடியது.

ஏழாம் வருடம் பள்ளத்தூர் வீட்டில், நான் சாப்பிட்டுக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தேன். ஆத்தா மோர் ஊற்ற வந்தவள் நின்றுவிட்டாள்.

"போதும்ப்பா. அத ஏன் வையிறே? அதுமேல தப்பு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா?"

"அன்னைக்கு விடிகாலம் குளிச்சிட்டு வந்து நான்தான் அதுக்குச் சந்தனம் வச்சேன். நீ கடையில வைக்கிற எடத்துலதான் வச்சேன். குங்குமந்தான் நான் தொடக்கூடாது, சந்தனம் வைக்கலாமேன்னு நெனச்சேன். அவுக பேசப் போறாகளேன்னு ஒரு ஆசை." மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "தாலியறுத்தவ கை பட்டது. அதான் அவுக குரல் வரல."

ஏழு வருடம். அவளுக்குத் தெரியக்கூடாது என்று நான் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்த ஏழு வருடமும் அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ வச்சதால இல்ல ஆத்தா. அது ஒத்த முனையில நிக்கிற ஆர்ம். நாலு மிளகு எடைகூடத் தாங்காது. யாரு வச்சிருந்தாலும் சாஞ்சிருக்கும். அயித்தான் அளந்து பாத்திருந்தா கண்டுபிடிச்சிருப்பாரு. நான்தான் அளக்க விடல."

"யாரு வச்சிருந்தாலுமா?"

"யாரு வச்சிருந்தாலும்."

"ஒங்கக்கா வச்சிருந்தா? அவ சுமங்கலி."

"அக்கா வச்சிருந்தாலும் சாஞ்சிருக்கும். அதான் அதுமேல விரலே படக்கூடாதுன்னு அயித்தான் அக்காகிட்டச் சொல்லி வச்சிருந்தாரு. ஒனக்குச் சொல்லாம விட்டுட்டோம்."

ஆத்தா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்கிறேனா என்று பார்த்தாள். அயித்தானைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள்.

"அப்ப அது என்ன எழவு ஆர்மு?" என்றாள். "ஒரு பொட்டுச் சந்தனம் தாங்காதா? கட்டையில போக. அதுக்குப் போயி கையெடுத்துக் கும்புட்டேனே. நாசமாப் போற ஆர்மு."

ஆத்தா வாயில் அப்படிப்பட்ட வார்த்தைகளை நான் கேட்டதேயில்லை. நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் திட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.